வாரம் ஒரு டேங்கர்... தண்ணீரே கேட்காத ஆயாவின் கண்டங்கத்திரி!

ஓசூர் என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் இரண்டு விஷயம் சொல்வார்கள். ஒன்று, கம்பெனி. இன்னொன்று, ரோஜா. எங்கள் வீட்டில் இரண்டுமே உண்டு. அப்பா சிப்காட்டில் 26 வருடமாக ஷிஃப்ட் வேலை பார்க்கிறார். அம்மா மாடிப்படியில் ஆரம்பித்து கேட் வரைக்கும் 14 தொட்டிகளில் ரோஜா வளர்த்தார். 'வளர்த்தார்' என்று எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

மூன்றாவதாக ஒன்று 2023 மே மாதம் எங்கள் வீட்டுக்கு வந்தது. ஆயா கொண்டுவந்த முள்ளுச்செடி. ஆயா என்றால் அப்பாவைப் பெற்றவர். எங்கள் பக்கம் பாட்டியை அப்படித்தான் கூப்பிடுவோம்.

சுருக்குப்பைக்குள் மஞ்சள் பழம்

சூளகிரிப் பக்கம் ஆயாவுக்கு நாலு ஏக்கர் மேட்டு நிலம் இருந்தது. மழை பெய்தால் ராகி, அவரை. பெய்யாவிட்டால் மாடு மேயும். போர் போட்டுப் பார்த்தார்கள், 900 அடியில் வெறும் புகைதான் வந்தது. பிள்ளைகள் எல்லோரும் டவுனுக்கு வந்துவிட்ட பிறகு நிலத்தைப் பார்க்க ஆள் இல்லை. 2023 ஆரம்பத்தில் விற்றாயிற்று. வாங்கியவர்கள் பிளாட் போட்டார்கள். ஆயா எங்கள் வீட்டுக்கு வந்தார்.

ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு அம்மிக்குழவி (அம்மி வரவில்லை, குழவி மட்டும்), இடுப்பில் சுருக்குப்பை. அந்தப் பைக்குள் வெற்றிலை பாக்கோடு கோலிக்குண்டு அளவில் ஆறேழு மஞ்சள் பழங்கள். "என்ன ஆயா இது?" என்றேன். "கண்டங்கத்திரி. நம்ம வரப்புல இருந்தது" என்றார். அவ்வளவுதான்.

ஜூன் மாதம் முதல் மழை பெய்ததும், மேற்குப் பக்கக் காம்பவுண்டு சுவரோரம் விதையைத் தூவினார். அது எங்கள் வீட்டிலேயே உருப்படாத இடம். வீடு கட்டியபோது மிஞ்சிய ஜல்லி, செங்கல் துண்டு, சிமென்ட் கட்டி எல்லாம் புதைந்து கிடக்கும். மத்தியானம் ஆரம்பித்து வெயில் போகும் வரை சுவர் கொதிக்கும். அம்மா அங்கே வைத்த செம்பருத்தி, துளசி, கற்றாழை எதுவும் நிலைக்கவில்லை.

மூன்று வாரத்தில் முளை வந்தது. ஆடி முடிவதற்குள் இலையில் முள் வந்தது. பிரச்னையும் வந்தது.

"வாசல்ல முள்ளா?"

கண்டங்கத்திரி மேல்நோக்கி வளராது. தரையோடு தரையாகப் படரும். தண்டு, இலைக்காம்பு, இலையின் மேல்பக்கம், கீழ்ப்பக்கம் என எங்கே தொட்டாலும் முள். மஞ்சளாக, நேராக, ஊசி மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். கத்திரிப்பூ போலவே ஊதாப் பூ. காய் பச்சையில் வெள்ளை வரி ஓடிய குட்டி கத்திரிக்காய். பழுத்தால் பளிச் மஞ்சள்.

அம்மாவுக்கு இரண்டு பயம். ஒன்று, வீட்டு வாசலில் முள் ஆகாது என்ற நம்பிக்கை. இன்னொன்று நிஜமான பயம். அண்ணன் மகளுக்கு அப்போது மூன்று வயது. அந்த மஞ்சள் பழத்தைப் பார்த்தால் எந்தக் குழந்தைக்கும் எடுத்து வாயில் போடத் தோன்றும். கத்திரி, தக்காளிக் குடும்பத்தின் காட்டுச்செடிகளில் பலவற்றின் காயில் வயிற்றைக் கெடுக்கும் ஆல்கலாய்டுகள் உண்டு. கண்டங்கத்திரியும் அந்தக் குடும்பம்தான்.

"அத்தை, புடுங்கிடலாம். வேற ஏதாச்சும் நல்ல செடி வெச்சுத் தரேன்" என்றார் அம்மா.

ஆயா பதில் சொல்லவில்லை. மறுநாள் காலையில் பார்த்தால், செடியைச் சுற்றி செங்கல்லை இரண்டு வரிசை அடுக்கி வைத்திருந்தார். அன்றிலிருந்து, காய் வெளுக்க ஆரம்பித்ததும் இடுக்கியால் கிள்ளி எடுத்துவிடுவார். செடியில் மஞ்சள் பழம் தங்கியதே இல்லை. இரண்டு பேரும் அதைப் பற்றி அதன் பிறகு பேசிக்கொள்ளவில்லை. மாமியார் மருமகள் பேசாமல் இருப்பது சமாதானம் இல்லை என்பது உங்களுக்கே தெரியும்.

மூன்று மொழி, ஒரே செடி

எங்கள் தெருவில் மூன்று மொழி பேசுவார்கள். எதிர்வீட்டுத் தெலுங்கு அக்கா செடியைப் பார்த்ததும், "அட, நேல முலக! எங்க அம்மா ஊர்ல நிறைய இருக்கும்" என்றார். மூன்றாவது வீட்டுக் கன்னடக்கார மாமா, "இது நெலகுள்ள. இருமலுக்கு எங்க அஜ்ஜி கஷாயம் வெப்பாங்க" என்றார். 'குள்ள' என்றால் கத்திரி வகை, 'நெல' என்றால் நிலம். தரையில் படரும் கத்திரி. தமிழில் கண்டங்கத்திரி என்பதிலும் கத்திரி இருக்கிறது. பேசும் மொழி எதுவானாலும் எல்லோருடைய பாட்டிக்கும் இந்தச் செடியைத் தெரிந்திருக்கிறது!

நம் பாடப்புத்தகத்திலும் இது ஒளிந்திருக்கிறது. பதினெண்கீழ்க்கணக்கில் காரியாசான் எழுதிய சிறுபஞ்சமூலம் ஞாபகம் இருக்கிறதா? பெயரை மட்டும் மனப்பாடம் செய்து ஒரு மார்க் வாங்கியிருப்போம். ஐந்து சிறிய வேர்கள் என்று பொருள். கண்டங்கத்திரி, சிறுவழுதுணை, சிறுமல்லி, பெருமல்லி, நெருஞ்சி. இந்த ஐந்து வேரும் சேர்ந்து உடம்பைத் தேற்றுவதுபோல, ஒவ்வொரு பாட்டிலும் ஐந்து கருத்து சொல்லி மனதைத் தேற்றுகிறார் புலவர். ஆயுர்வேதத்தின் தசமூலத்திலும் கண்டங்கத்திரி வேர் உண்டு. சித்த மருந்துக் கடைகளில் கண்டங்கத்திரி லேகியம் இன்றும் விற்கிறார்கள்.

பெயரை நம்பாதீங்க!

செடியைப் போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வைத்தேன். "பிரம்மதண்டு தானே? எங்க வீட்டுப் பக்கமும் இருக்கு" என்று நான்கு பேர் கேட்டார்கள். இல்லை. இது ரொம்பப் பேருக்கு வரும் குழப்பம் என்பதால் விளக்கிவிடுகிறேன்.

பிரம்மதண்டும் முள்செடிதான். ரோட்டோரம், ரயில் பாதையோரம் நிறைய இருக்கும். ஆனால், அது நிமிர்ந்து வளரும். இலையில் வெள்ளை நரம்பு ஓடும். பூ மஞ்சள். தண்டை ஒடித்தால் மஞ்சள் பால் வரும். பெயரில் பிரம்மன் இருந்தாலும் அது மெக்சிகோவில் இருந்து வந்த செடி. அதன் விதை கடுகு மாதிரியே இருக்கும். அந்த எண்ணெய் கடுகெண்ணெயில் கலந்ததால்தான் 1998-ல் டெல்லியில் உடல் வீங்கும் நோய் பரவி 60 பேருக்கு மேல் இறந்துபோனார்கள்.

கண்டங்கத்திரியின் கதை நேர் எதிர். அதன் அறிவியல் பெயர் சொலானம் விர்ஜினியானம். கேட்டால் அமெரிக்காவின் விர்ஜீனியாவில் இருந்து வந்தது போலத் தோன்றும். ஆனால், அது நம் மண்ணின் செடி. முன்பு புழக்கத்தில் இருந்த சாந்தோகார்பம் என்ற பெயர்தான் பொருத்தம். கிரேக்கத்தில் 'மஞ்சள் பழம்' என்று அர்த்தம்.

2024 கோடை

நான் டிஜிட்டல் டெஸ்க்கில் வேலை பார்க்கிறேன். பாதி நாள் வீட்டில் இருந்தே ஷிஃப்ட். கே.ஆர்.பி. அணை முழுக்கொள்ளளவு 52 அடி, கெலவரப்பள்ளி 44.28 அடி என்பதெல்லாம் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். அணை நீர்மட்டம் அப்டேட் போடும் நாளில் எங்கள் வீட்டு சம்ப்பின் நீர்மட்டம் பூஜ்யமாக இருக்கும். அதை யாருக்கும் அப்டேட் போட முடியாது.

ஓசூர் ஏறத்தாழ 3,000 அடி உயரத்தில் இருக்கும் ஊர். குளிர் உண்டு. அதனால் தண்ணீர்க் கஷ்டம் இருக்காது என்று வெளியூர்க்காரர்கள் நினைப்பார்கள். ஊரையொட்டி தென்பெண்ணை ஓடுகிறது, உண்மைதான். நந்தி மலையில் பிறந்து, பெங்களூருவின் ஓரத்துக் கழிவையெல்லாம் வாங்கிக்கொண்டு எங்களிடம் வருகிறது. கெலவரப்பள்ளி அணையில் நுரை பொங்கும் வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீர்கள். கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்ட நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு தொல்லை. அதற்காகத்தான் ஜப்பான் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்து 2013-ல் தொடங்கப்பட்டது. குடிக்க அது. மற்ற எல்லாவற்றுக்கும் போர்தான்.

2024 மார்ச்சில் பெங்களூரு தவித்தது நாடு முழுக்கச் செய்தி ஆனது. அங்கே இருந்த 13,900 ஆழ்துளைக் கிணறுகளில் 6,900 வறண்டுவிட்டதாக துணை முதல்வர் டி.கே.சிவகுமார் சொன்னார். குடிநீரைத் தோட்டத்துக்கும் கார் கழுவவும் பயன்படுத்தினால் 5,000 ரூபாய் அபராதம் என்றது அந்த ஊர்க் குடிநீர் வாரியம். அந்தச் செய்தியை நான்தான் டைப் செய்தேன். 40 கிலோமீட்டர் இந்தப் பக்கம் அபராதம் எதுவும் இல்லை. தண்ணீரும் இல்லை. எங்கள் போர் ஏப்ரல் முதல் வாரம் காற்றை விட்டது. வாரம் ஒரு டேங்கர், 6,000 லிட்டர். வீட்டில் ஏழு பேர்.

ரோஜாவுக்கு ஒரு நியாயம்

எல்லோர் கண்ணும் அம்மாவின் ரோஜா மேல் விழுந்தது. "நாம குடிக்கத் தண்ணி இல்ல, பூவுக்கு ஊத்துறியா?" என்று அப்பா ஒருநாள் சத்தம் போட்டார். அன்று இரவு நான் கணக்குப் போட்டேன். ஒரு தொட்டிக்கு நாளைக்கு 2 லிட்டர். 14 தொட்டிக்கு 28 லிட்டர். வாரத்துக்கு 196 லிட்டர். டேங்கரில் நூற்றுக்கு மூன்று பங்குக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான். எங்கள் பழைய வாஷிங் மெஷின் இரண்டு தடவை ஓடினால் அதைவிட அதிகம் குடிக்கும். அதை அப்பாவிடம் காட்டினேன். பேப்பரைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. மறுநாளில் இருந்து யூனிஃபார்மை பக்கெட்டில் தானே அலசினார்.

ஆனாலும், டேங்கர் இரண்டு நாள் தாமதமாக வரும் வாரத்தில் கணக்கெல்லாம் நிற்காது. குடிக்க, சமைக்க, கழிப்பறைக்கு. அதோடு முடிந்தது. தொட்டிச் செடியின் வேருக்குப் போக்கிடம் கிடையாது. ஒரு சாண் மண்ணுக்குள் ஈரம் தீர்ந்தால் தீர்ந்ததுதான். ஒவ்வொன்றாகக் கருகியது. அம்மா ஒருநாள் மூன்று தொட்டியை மட்டும் தூக்கி நிழலில் வைத்தார். மீதி 11 தொட்டிகளை அப்படியே விட்டுவிட்டு உள்ளே போனார். அதில் ஒன்று என் பத்தாம் வகுப்பு ரிசல்ட் அன்று வாங்கியது.

அந்த நாளில் மேற்குச் சுவரோரம் கண்டங்கத்திரி ஆறடி அகலத்துக்குப் படர்ந்து, நடுவெயிலில் ஊதாவாகப் பூத்துக் கிடந்தது. தைப் பொங்கலுக்குப் பிறகு அதற்கு ஒரு சொட்டுத் தண்ணீர் யாரும் ஊற்றியதில்லை. கட்டையான ஆணிவேர் ஜல்லியைத் தாண்டி ஆழத்துக்குப் போய்விடுகிறது. தரையோடு ஒட்டிப் படர்வதால் காற்றில் ஈரம் பறிபோவது குறைவு. முள் இருப்பதால் ஆடு மாடும் அண்டாது. மேய்ச்சல் காட்டில் எல்லாம் தின்று தீர்ந்த சித்திரையிலும் இது மட்டும் பச்சையாக நிற்பது அதனால்தான்.

ஆயா அதைச் சொல்லிக் காட்டியிருக்கலாம். காட்டவில்லை. அடுத்த நாள் காலை, தன் குளியலுக்கு வைத்த பக்கெட்டில் பாதியை எடுத்துக்கொண்டு போய் அந்த மூன்று ரோஜாத் தொட்டிகளுக்கு ஊற்றிக்கொண்டிருந்தார். அம்மா ஓடிப்போய், "ஐயோ, நீங்க குளிக்கற தண்ணி அத்தை" என்றார். "என் செடி கேக்கல. உன் செடி கேக்குது. ஊத்து" என்றார் ஆயா. அந்தக் கோடை முழுக்க அது நடந்தது. அரிசி கழுவிய தண்ணீரை அம்மாவும், பாதி பக்கெட்டை ஆயாவும் முறை வைத்து ஊற்றினார்கள். மூன்று ரோஜாவும் பிழைத்தன.

பூவை உலுக்கும் தேனீ

அந்த ஏப்ரலில்தான் நான் அந்தச் சத்தத்தைக் கவனித்தேன். வயிற்றில் நீலப் பட்டைகள் போட்ட குண்டுத் தேனீ ஒன்று பூவில் வந்து தொங்கும். பறக்கும்போது ஒரு சத்தம். பூவைப் பிடித்ததும் 'ங்ங்ஞீ' என்று சுருதி ஏறும். இரண்டு நொடிதான். அடுத்த பூவுக்குப் போய்விடும்.

தேடிப் படித்தபோது விஷயம் புரிந்தது. கண்டங்கத்திரிப் பூவின் மகரந்தம் வெளியே தூவிக் கிடக்காது. மஞ்சள் குழல்களுக்குள் இருக்கும். நுனியில் மட்டும் சின்ன ஓட்டை. உப்பு டப்பாவைக் குலுக்குவது மாதிரி குலுக்கினால்தான் கொட்டும். நீலப்பட்டைத் தேனீயும், மரத்தைத் துளைக்கும் பெரிய கருவண்டும் நெஞ்சுத் தசையை அதிர வைத்து அதைச் செய்கின்றன. நாம் தேன் எடுக்கும் தேனீக்கு இந்த வித்தை தெரியாது.

தக்காளி, கத்திரிப் பூவுக்கும் இப்படி உலுக்க ஆள் வந்தால் காய் நன்றாகப் பிடிக்கும். ஐரோப்பாவில் பசுமைக்குடில் தக்காளிக்காக 1980-களின் இறுதியில் இருந்து இதே வேலை தெரிந்த பம்பிள் தேனீக்களைப் பெட்டியில் வளர்த்து விற்கிறார்கள். ராயக்கோட்டை மார்க்கெட்டுக்குத் தக்காளி அனுப்பும் எங்கள் மாவட்டத்துக்கு அந்த வேலையை இந்த ஊர்த் தேனீக்கள் சும்மா செய்து தருகின்றன. கோடையில் தோட்டம் காய்ந்து கிடக்கும்போது அவற்றுக்கு மகரந்தம் தர வரப்பில் ஏதாவது பூத்திருந்தால் நல்லதுதானே?

நீங்களும் வளர்க்கலாம்... ஆனால்!

விருப்பம் இருந்தால் ஆயா சொன்ன முறை இதோ.

பழுத்த பழத்தைப் பிளந்து விதையைக் கழுவி, நிழலில் இரண்டு மூன்று நாள் உலர்த்துங்கள். முதல் மழைக்குப் பிறகு, நீர் தேங்காத, வெயில் அடிக்கும் இடத்தில் தூவுங்கள். தொட்டியில் முளைக்க வைத்தால், நாலைந்து இலை வந்ததும் தரைக்கு மாற்றிவிடுங்கள். ஆணிவேர் நீண்டபின் பிடுங்கி நட்டால் சுணங்கும். முதல் மாதம் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை தண்ணீர். அப்புறம் மழையே போதும். உரம் வேண்டாம்.

நடைபாதையில் இருந்து குறைந்தது மூன்றடி தள்ளி வையுங்கள். கையுறை இல்லாமல் தொடாதீர்கள். கத்திரி, தக்காளிப் பாத்திக்குப் பக்கத்தில் வேண்டாம். இலையைச் சல்லடையாக அரிக்கும் புள்ளி வண்டு இரண்டிலும் தங்கும். பக்கத்தில் விவசாய நிலம் இருந்தால் பழுக்கும் முன்பே காயைக் கிள்ளிவிடுங்கள். உங்களுக்குச் செடி, அவர்களுக்குக் களை.

சின்னக் குழந்தைகள் இருக்கும் வீட்டில் செங்கல் வேலி கட்டாயம். மருந்து என்று கேள்விப்பட்டு நீங்களே கஷாயம் போடாதீர்கள், குறிப்பாகக் கர்ப்பிணிகள். பதிவு பெற்ற சித்த மருத்துவரைக் கேளுங்கள். ஆயாவே அதன் பழத்தை எங்களுக்கு ஒருநாளும் கொடுத்ததில்லை.

ஒரு கண்டங்கத்திரியால் ஓசூரின் நிலத்தடி நீர் ஏறிவிடப் போவதில்லை. அதற்கு ஏரியைத் தூர்வார வேண்டும், கழிவைச் சுத்திகரிக்க வேண்டும், மழைநீரை இறக்க வேண்டும். ஆனால், உருப்படாத ஒரு மூலையைப் பச்சையாக வைக்க டேங்கர் தேவையில்லை என்று எங்கள் வீட்டுக்குத் தெரிந்துவிட்டது. மழை வந்த பிறகு அம்மா புதிதாக ரோஜா வாங்கவில்லை. காலியான தொட்டிகளை எதிர்வீட்டு அக்காவுக்குக் கொடுத்துவிட்டு, மூன்றே ரோஜாவைத் தரையில் நட்டார். "இதுக்கு மேல என்னால ஒண்ணொண்ணா சாகறதைப் பார்க்க முடியாது" என்றார்.

ஆயா கேட்ட கேள்வி

ஆயாவின் ஏக்கத்துக்கு இந்தச் செடி ஈடாகிவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆகவில்லை. ஆறடிச் செடி எப்படி நாலு ஏக்கர் ஆகும்? இன்றும் சில நாள் விடியற்காலையில் எழுந்து, "ஊருக்கு எப்போ போறோம்?" என்று கேட்கிறார்.

2024 ஜூலையில் அப்பாவும் நானும் அவரை அங்கே அழைத்துப் போனோம். செம்மண் ரோடு போட்டு, மஞ்சள் பெயின்ட் அடித்த எல்லைக்கல் வரிசையாக நட்டிருந்தார்கள். வரப்பு எது என்று அப்பாவுக்கே தெரியவில்லை. ஆயா இரண்டு கல்லுக்கு நடுவே போய் நின்றார். அங்கே கண்டங்கத்திரி படர்ந்து, கிள்ள ஆள் இல்லாமல் மஞ்சளாகப் பழுத்துக் கிடந்தது.

அவர் அதைப் பறிக்கவில்லை. "இந்த இடம் யாரு வாங்கியிருக்காங்க?" என்று கேட்டார். சிப்காட்டில் வேலை பார்க்கும் ஒரு பையன், லோன் போட்டு வாங்கியிருப்பதாக வாட்ச்மேன் சொன்னார்.

ஆயா கொஞ்ச நேரம் தரையைப் பார்த்தார். பிறகு வாட்ச்மேனிடம், "900 அடி போட்டும் தண்ணி வரலன்னு அந்தப் பையன்கிட்ட யாராச்சும் சொன்னாங்களா?" என்றார்.

வாட்ச்மேனிடம் பதில் இல்லை. எங்களிடமும் இல்லை.